தட்டு விழுந்த இடம்

நன்றி என்ற சொல்லை நான் மைக்கில் சொல்லியிருக்கிற அளவுக்கு எங்கள் வட்டாரத்தில் எந்த அரசியல்வாதியும் சொல்லியிருக்க மாட்டார். கச்சேரி முடியும்போது விழாக் கமிட்டிக்கு நன்றி, மைக்செட்காரருக்கு நன்றி, ஜெனரேட்டர் போட்டவருக்கு நன்றி, நடுவில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் நன்றி. மேடையை விட்டு இறங்கிவிட்டால் அந்தச் சொல் எங்கள் பக்கம் யார் வாயிலும் வராது. ஒருவர் நமக்காக மெனக்கெட்டு ஒரு காரியம் செய்து கொடுத்தால், 'சரி, வாரேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். ரொம்ப நெருங்கின ஆள் என்றால் ஏசுவோம். எதிர்வீட்டு பாயை நான் ஆயுசு முழுக்க அப்படி ஏசிக்கொண்டே இருந்தேன். இந்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினியிடமாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். சொல்ல வழியில்லாமல் இருந்தது.

நான் தென்காசிக்காரன், ஊதுகிறவன். சாக்ஸபோன்தான் என் வாத்தியம் என்று சொல்லிக்கொண்டாலும், வாசிக்காத வாத்தியம் குறைவு. அதற்குக் காரணம் திறமை என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். உண்மையான காரணம், எங்கள் தொழிலில் எவனாவது ஒருத்தன் வராமல் இருந்துவிடுவான். கேரளப் பக்கம் கானமேளாவுக்குப் போகும்போது கீபோர்டுக்காரன் புளியறை செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கீபோர்டு நான். சுரண்டைப் பக்கம் அம்மன் கோவில் கொடைவிழாவில் பேஸ் கிட்டார்க்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் பேஸ் நான். கிறிஸ்துமஸுக்குச் சர்ச் பாடல் குழுவோடு கிளாரினெட், குற்றாலம் சீசனில் ரிசார்ட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாக்ஸபோன், இடையில் கல்யாணம், காதுகுத்து, சாவு. சாவுக்கும் பேண்ட் செட் உண்டு எங்கள் பக்கம். காலையில் சாவுக்கு ஊதிவிட்டுக் குளித்து, சட்டை மாற்றி, சாயங்காலம் கல்யாணத்துக்கு ஊதியிருக்கிறேன். பிழைப்பு என்று வந்த பிறகு எனக்கு இது வரும், இது வராது என்றெல்லாம் சடைத்துக்கொள்ள முடியாது.

ஆரம்பத்தில் நான் பேண்ட் செட்டில் சாதாரணக் கிளாரினெட்காரன். சினிமாப் பாட்டை அப்படியே ஊதுவேன், அவ்வளவுதான். என்னை வேறு ஆளாக்கியது கேசட்.

பாய் என்னைவிடச் சில வயது மூத்தவர். தெருவுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர் வீடு. கல்யாணமாகி, மகள் தத்தித் தத்தி நடக்கிற சமயத்தில் அவர் வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் மேசைக்குத் தட்டு கொண்டுபோகிற வேலை. போன் பேசுவதென்றால் கொள்ளைக் காசாகிற காலம் அது. கடுதாசி எழுத அவருக்குச் சோம்பல். அதனால் எல்லாக் குடும்பத்திலும் நடந்தது இவர் வீட்டிலும் நடந்தது. பேச வேண்டியதையெல்லாம் கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். மதினி அதைப் போட்டுக் கேட்பார். பிறகு தாமும் மகளும் பேசிப் பதில் அனுப்புவார்.

ஒரு கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குடும்பப் பேச்சு பேசிவிட்டு, மறுபக்கத்தில் வேறொன்றைப் பதிந்து அனுப்பியிருந்தார். மதினி தம் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். அந்த ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிப்பாராம். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மனிதர், கறுத்த, வாட்டசாட்டமான ஆள். சாக்ஸபோன், கிட்டார், பியானோ, வாயால் ஊதுகிற மவுத் ஆர்கன் என்று எதை எடுத்தாலும் வாசிப்பாராம். 'உன்னைய மாதிரி அவரும் தெக்கத்தி ஆளுதாம்லே, கேட்டுப் பாரு' என்று எனக்குத் தகவல் சொல்லியிருந்தார் பாய்.

கேசட்டைக் கொடுங்கள், கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். மதினி தரவில்லை.

"அந்தப் பக்கத்துல அவுக பேசுனது கெடக்கு தம்பி. அதை வெளிய விட மாட்டேன். கேக்கணும்னா இங்கன வாசப்படியில இருந்து கேட்டுக்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் புருசன் பேச்சைக் கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் ஒரு சுரத்தையும் நேராகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் கீழேயிருந்து இழுத்துக்கொண்டு வருவார், வந்து சேருமா சேராதா என்று நம்மைத் தவிக்கவிட்டுப் பிறகு சேர்ப்பார். பெரும்பாலான பாட்டு மூன்றே வரி. முதல் வரியில் ஒரு குறையைச் சொல்வது போல இருக்கும். இரண்டாவது வரியில் அதே குறையை மறுபடி சொல்வார். மூன்றாவது வரியில், சரி, அதுக்கு என்ன செய்ய என்கிற மாதிரி முடிப்பார். இதைத்தானே எங்கள் தெருவில் எல்லாரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த இசைக்கு ப்ளூஸ், ஜாஸ் என்று பெயர் இருப்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு வந்த எல்லாக் கேசட்டிலும் ஒரு பக்கம் மதினிக்கு, மறுபக்கம் எனக்கு. நான் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே மதினி மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். 'இன்னொருக்க போடுங்க மதினி' என்பேன். 'நீ எந்திரிச்சுப் போனாத்தான் நான் உலை வைக்க முடியும்' என்பார். சொல்லிவிட்டு ரீவைண்டு பண்ணுவார். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவார். ஒரு தடவை அவசரத்தில் பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். 'ஏ புள்ள' என்று பாயின் குரல் கொஞ்சலாக ஆரம்பித்தது. டப்பென்று அணைந்தது. நான் சாக்கடையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

இப்படிக் கற்றுக்கொண்டதை நான் முதலில் ஊதியது சாவு ஊர்வலத்தில்தான். தெரிந்த சோகப் பாட்டெல்லாம் தீர்ந்துபோன ஓர் இடத்தில், அந்த இழுப்பை எடுத்துவிட்டேன். நடந்து போய்க்கொண்டிருந்த சொந்தக்காரர் ஒருவர் நின்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இது எந்தப் படத்துப் பாட்டு அண்ணாச்சி என்று பிறகு கேட்டார்கள். புதுப் படம், இன்னும் வரவில்லை என்று அளந்துவிட்டேன். அதிலிருந்து என்னைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. மெல்லிசைக் குழுவில் சேர்த்தார்கள். செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் மலையாளத்துக்காரர்கள் கானமேளாவுக்குக் கூப்பிட்டார்கள். குற்றாலத்து ரிசார்ட் கூப்பிட்டது. எல்லாம் அந்த வாசப்படி போட்ட சோறு.

அந்த அமெரிக்கர் வேலை முடிந்து தம் ஊருக்குத் திரும்பியபோது, பழைய சாக்ஸபோன் ஒன்றைப் பாயிடம் கொடுத்து, ஊரில் ஓர் ஆள் என் பாட்டை ஊதுகிறான் என்றாயே, அவனுக்குக் கொடு என்றாராம். பாய் அதை இரண்டு கம்பளிக்குள் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார். விமான நிலையத்தில் இது என்ன, எங்கே வாசித்துக் காட்டு என்றிருக்கிறார்கள். பாய் மூச்சைப் பிடித்து ஊதியதில் வரிசையில் நின்றவர்கள் விலகி நின்றார்களாம். இவ்வளவும் பட்டு அதை என் வீட்டுக் கட்டிலில் வைத்து விரித்தார். அந்தப் பித்தளையை இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ரீட் எங்க? ரீட் இல்லாம இதை வச்சு என்ன செய்ய, தண்ணியா மோள?" என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டைப் பையிலிருந்து, உதட்டில் வைத்து ஊதுகிற நாணல் தகடு இருந்த ரீட் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, சரி வாரேன் என்று போய்விட்டார்.

கேசட்டில் வந்த பாட்டுகளில் எனக்கு உயிரான ஒன்று உண்டு. மெதுவான பாட்டு. அதில் இரண்டாம் வரியின் நடுவில் திடீரென்று ஓர் இடைவெளி வரும். ணங் என்று ஒரு சத்தம், ஒரு சிரிப்பு, பிறகு அதே வரி முதலிலிருந்து. என்ன அழகான யோசனை என்று நான் சொக்கிப்போயிருந்தேன். எங்கள் குழுவின் டிரம்ஸ்காரரிடம் சொல்லி அந்த இடத்தில் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டச் சொல்வேன். அவர் ஒரு விநாடி பிசகிவிட்டால் மேடையிலேயே முறைப்பேன். வருஷக்கணக்காக, கொடைக்கும் கல்யாணத்துக்கும் ரிசார்ட்டுக்கும் அப்படியேதான் வாசித்தோம்.

ஒரு சீசனில், சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்த சாயங்காலம், ரிசார்ட்டில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் கச்சேரிக்குப் பிறகு என்னிடம் வந்தார். பாட்டு பிரமாதம், ஆனால் அது பழைய பாட்டு, அந்த இடத்தில் இடைவெளியே கிடையாதே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் இதை மூலத்திலிருந்தே கேட்டுப் படித்தவன் சார் என்று சண்டைக்குப் போய்விட்டேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் உறக்கம் பிடிக்கவில்லை.

பாய் அடுத்த லீவில் வந்ததும் அவரை உட்காரவைத்து அந்தப் பாட்டை வாசித்துக் காட்டினேன். அதுவரை அவர் அதை நான் வாசித்து முழுதாகக் கேட்டதே இல்லை. அவருக்கு லீவு கிடைப்பதும் எனக்குக் கொடை மாதம் வருவதும் எப்போதும் ஒன்றாகவே அமையும். மதினி உள்ளே கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் நான் வாயை எடுத்து, ணங் என்று நானே வாயால் சொல்லிவிட்டு, வரியை மறுபடி எடுத்தேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"ஏலே, அது பாட்டு இல்லலே! தட்டைக் கீழ போட்டது நாந்தாம்லே!"

நடந்தது இதுதான். டேப் ரிக்கார்டரை மேடையோரப் பூத்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, பாய் தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ரிக்கார்டர் ஓடுகிறதா என்று ஒரு கண் அங்கே இருந்ததில் கைதவறித் தட்டு விழுந்துவிட்டது. சபையே திரும்பிப் பார்த்தது. மானேஜர் முறைத்துக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த பாய்க்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது. அப்போது அந்த அமெரிக்கர் வாசிப்பை நிறுத்தி, பெரிதாகச் சிரித்து, விட்ட வரியை முதலிலிருந்து எடுத்தார். தட்டு விழுவதும் பாட்டில் ஓர் அங்கம் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். மானேஜரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

"எல்லாரும் என்னையப் பாக்காம அவரைப் பாக்கணும்னு செஞ்சாருலே அந்த மனுசன்" என்று சொல்லும்போது பாய் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

அந்த இடைவெளியை நான் எடுக்கவில்லை. பெங்களூர்க்காரர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், எங்கள் ஊரில் அந்தப் பாட்டு அப்படித்தான். பாய் வளைகுடாவை விட்டுவிட்டு வந்து, தெருமுனையில் ஒரு கடை போட்டு உட்கார்ந்த பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. காலையில் நான் வீட்டில் சாதகம் பண்ணுவேன். அந்தப் பாட்டை எடுத்தால் போதும், எதிர்வீட்டில் பாய் தட்டோடு காத்திருப்பார். இடம் வந்ததும் ணங் என்று கீழே போடுவார். காலையிலேயே பாத்திரத்தை நெளிக்கீங்களே என்று மதினி ஏசுவது கேட்கும். சில நாள் அவர் வேண்டுமென்றே முன்னால் போட்டு என்னைக் குழப்புவார். நானும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

இந்த வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில் நான் கொல்லம் பக்கம் ஒரு கோவில் விழாவுக்குப் போயிருந்தேன். என் மனைவி போன் செய்தாள். பாய் கடையில் உட்கார்ந்தவாக்கிலேயே சாய்ந்துவிட்டார் என்றாள். விழுந்தடித்துக் கிளம்பினேன். மலை இறங்குகிற வழியெல்லாம் மழை, புளியறையில் வழக்கம்போல் லாரிகள். நான் தென்காசிக்கு வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பள்ளிவாசல் மையவாடிக்குப் போய் ஈர மண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். வாத்தியப் பெட்டி தோளிலேயே கிடந்தது.

மதினி இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். கணவன் இறந்தால் அவர்கள் வழக்கப்படி மாதக்கணக்கில் வீட்டை விட்டு வரமாட்டார்கள், வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார்கள். ஜன்னலும் சாத்தியிருந்தது. என் மனைவி தினமும் போய் வந்தாள். அவளிடம், நான் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். சாக்ஸபோனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். "உங்க வாயிலயே வராததை நான் போய் எப்படிச் சொல்ல?" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பாட்டை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த இடம் வந்தால் எதிர்வீட்டில் சத்தம் கேட்காதே என்கிற பயம்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலில் தொடங்கி எங்கள் தெரு வழியாக மண்டபத்துக்குப் போக வேண்டும். முன்னால் கேரளத்துச் செண்டை, பின்னால் எங்கள் பேண்ட், அதற்கும் பின்னால் திறந்த ஜீப்பில் மாப்பிள்ளை. துட்டி, அதாவது சாவு, நடந்த வீட்டு வாசலை மேளம் சத்தமில்லாமல்தான் கடக்க வேண்டும். எந்த ஜாதி, எந்த மதத்து வீடானாலும் அதுதான் எங்கள் தொழில் மரியாதை. தெருமுனையில் கையைத் தூக்கினேன். செண்டை நின்றது. டிரம்ஸ் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, தலையைக் குனிந்துகொண்டு பாய் வீட்டு வாசலுக்கு வந்தோம்.

கதவு திறந்தது. பாயின் மகள் வெளியே வந்தாள். அன்றைக்குத் தத்தி நடந்த பிள்ளைக்கு இன்றைக்கு இடுப்பில் ஒரு பிள்ளை.

"மாமா, உம்மா கேக்காவ. அந்தப் பாட்டை ஏன் இப்பல்லாம் ஊத மாட்டேங்கியன்னு கேக்காவ. வாப்பாவோட வாசல்ல ஊதிட்டுப் போகச் சொன்னாவ."

துட்டி வீடு, அதுவும் இத்தா இருக்கிற வீடு. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு அங்கேயே நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். வண்டியை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜீப்பிலிருந்து, ஊதுங்க அண்ணாச்சி, நேரம் கெடக்கு என்றார்.

சாக்ஸபோனை எடுத்தேன். முதல் வரியை வாசித்தேன். ஆரம்பம் சுத்தமாக வரவில்லை. பிறகு பிடித்துக்கொண்டது. டிரம்ஸ்காரர் சிம்பலுக்குக் குச்சியைத் தூக்குவது தெரிந்தது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். இரண்டாம் வரியின் நடுவில் அந்த இடம் வந்தது. வாயை எடுத்தேன்.

உள்ளே, சிமெண்டுத் தரையில், எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்தது. விழுந்து, சுற்றி, கிணுகிணுத்து அடங்கியது. ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

கேசட்டில் அந்த மனிதர் இந்த இடத்தில் சிரிப்பார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நடுவில், சாத்திய ஜன்னலைப் பார்த்து, நன்றி மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரீட்டை உதட்டில் வைத்து, விட்ட வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.